கடல் செதுக்கும் குகைகள்!

சங்கரன்கோவிலில் இருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள கழுகுமலைக்குப் போயிருக்கிறீர்களா? அங்குள்ள வெட்டுவான் கோயிலை, ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து உருவாக்கியிருக்கிறார்கள். 8-ம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்துச் சிற்பிகள் உளியும் சுத்தியலும் கொண்டு செய்த அற்புதம் அது.

உளியே இல்லாமல் பாறையைக் குடையும் சிற்பி ஒருவரும் உண்டு. அவர் பெயர் கடல்! அவர் வேலை பார்க்கும் இடத்தைக் காண, சங்கரன்கோவிலில் இருந்து திருநெல்வேலி வழியாகத் திருச்செந்தூருக்குப் போவோமா?

வள்ளி குகை

திருச்செந்தூர் முருகன் கோயிலின் வடபுறம், கடலோரப் பாறையில் இருக்கிறது வள்ளி குகை. வாசல் மிகச் சிறியது. பெரியவர்கள் நன்றாகக் குனிந்துதான் போக வேண்டும். உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை! விநாயகர் யானையாக வந்து பயமுறுத்தியபோது வள்ளி இங்கே ஒளிந்துகொண்டதாகக் கதை சொல்வார்கள்.

கடற்கரையோரமாகத் தெற்கே போனால் குலசேகரன்பட்டினம். அதையும் தாண்டினால் மணப்பாடு. திருச்செந்தூரில் இருந்து சுமார் 18 கிலோமீட்டர். கடலுக்குள் மூக்கை நீட்டியது போல ஒரு மணற்குன்று. அதன் மேல் திருச்சிலுவை ஆலயமும் கலங்கரை விளக்கமும் நிற்கின்றன. குன்றின் ஓரமாக, கடலைப் பார்த்தபடி ஒரு குகை! 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், இந்தக் குகையில் தங்கி ஜெபம் செய்தார் என்பது ஊர் மக்களின் நம்பிக்கை.

மணல் எப்படிப் பாறையானது?

இரண்டு ஊர்களிலும் இருப்பது கழுகுமலையில் உள்ளது போன்ற கடினப் பாறை அல்ல, மணற்பாறை. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் காற்றும் அலையும் குவித்த மணலும், உடைந்த சிப்பித் துணுக்குகளும்தான் அது. மழைநீர் சிப்பியில் உள்ள சுண்ணாம்பைக் கரைக்கும். நீர் வற்றியதும் அந்தச் சுண்ணாம்பு பசை போல இறுகி, மணலை ஒட்டிவிடும். அதனால்தான் இந்தப் பாறை மிருதுவாக இருக்கிறது. கடலும் குடையலாம், மனிதரும் குடையலாம்!

கடல் எப்படிக் குடைகிறது? அலை வந்து மோதும்போது, பாறை வெடிப்புக்குள் இருக்கும் காற்று நசுங்குகிறது. அலை பின்வாங்கியதும் 'புஸ்' என்று விரிகிறது. இப்படியே நாள் முழுவதும் நடந்தால் வெடிப்பு பெரிதாகும். அலையோடு வரும் மணல், உப்புத்தாள் போலப் பாறையைத் தேய்க்கும். நீர் காய்ந்த பிறகு வெடிப்பில் தங்கும் உப்பும் பாறையைப் பொடியாக்கும். வெடிப்பு பொந்தாகும், பொந்து குகையாகும்!

குகை இரண்டு பக்கமும் திறந்துகொண்டால் பாறை வளைவு கிடைக்கும். வளைவின் கூரை விழுந்தால் தனித்தூண் மட்டும் நிற்கும். மால்டா நாட்டின் கோசோ தீவில், 'நீலச் சாளரம்' என்ற புகழ்பெற்ற பாறை வளைவு இருந்தது. 2017 மார்ச் 8 அன்று, புயல் அலையில் சரிந்து மறைந்தது. செதுக்கிய சிற்பியே அழித்தும் விட்டார்!

உப்புக் கடல் ஓரம் நல்ல தண்ணீர்

திருச்செந்தூரில் கடலுக்கு மிக அருகில் நாழிக் கிணறு இருக்கிறது. பெரிய கிணற்றுக்குள் ஒரு குட்டிக் கிணறு. அதன் நீர் உப்புக் கரிக்காது. மணப்பாடு குகையிலும் இப்படி ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு உண்டு.

இது எப்படி? மணற்பாறையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். மழைநீர் அவற்றின் வழியே இறங்கி உள்ளே தங்குகிறது. ஒரு லிட்டர் நல்ல நீரின் எடை 1,000 கிராம். ஒரு லிட்டர் கடல்நீரோ சுமார் 1,025 கிராம். அதனால் எடை குறைந்த நல்ல நீர், உப்புநீரின் மேல் மிதக்கிறது. ஆழம் குறைந்த கிணற்றில் நல்ல நீரே ஊறும். அதிகமாக இறைத்தாலோ, கீழே இருக்கும் உப்புநீர் மேலே வந்துவிடும்.

வீட்டிலேயே செய்து பாருங்கள். ஒரு டம்ளரில் பாதி நீர் ஊற்றி, நான்கு ஸ்பூன் உப்பைக் கரையுங்கள். இன்னொரு டம்ளர் நீரில் சிறிது மஞ்சள் தூள் கலந்து, ஸ்பூனின் முதுகு வழியாக மெதுவாக உப்புநீரின் மேல் ஊற்றுங்கள். மஞ்சள் நீர் மேலேயே நிற்கும்!

பேர் எழுதலாமா?

திருச்செந்தூர் கோயிலின் பழைய மணற்கல் பகுதிகள் உப்புக்காற்றில் சிதைந்ததால், கருங்கல் கொண்டு புதுப்பித்தார்கள். 1941-ல் குடமுழுக்கு நடந்தது. காற்றுக்கே கரையும் கல், நம் ஆணிக்குத் தாங்குமா? ஆகவே, பாறையில் பெயர் கிறுக்காதீர்கள். அலை உயரமாக இருக்கும் நாளில் பாறை ஓரம் போகாதீர்கள். வெடிப்பு விட்ட பாறைக்கு அடியில் உட்காராதீர்கள். பெரியவர் துணையோடு மட்டும் போங்கள்.

அடுத்த விடுமுறையில் போகும்போது, பாறையை உற்றுப் பாருங்கள். ஒரு சின்னச் சிப்பித் துண்டாவது கண்ணில் படும். பறித்துவிடாதீர்கள், உங்கள் தம்பி, தங்கையும் பார்க்க வேண்டுமே!