ஸஃபோக் பாரக்குதிரையும் வம்சப் பதிவும்

இங்கிலாந்தின் கீழ்க்கரையில் ஸஃபோக் என்பது ஒரு ஜில்லா. அங்கே பல பாகங்களில் நிலம் கனத்த களிமண். அதை உழுவதற்கென்று குடியானவர்கள் விருத்தி செய்த குதிரை ஜாதிக்கு 'ஸஃபோக் பஞ்ச்' என்று பெயர். இதன் நிறம் செம்பழுப்பு ஒன்றே. தோளுயரம் சுமார் 5½ அடி. ஷயர் முதலிய பாரக்குதிரைகளுக்குக் குளம்பின்மேல் அடர்ந்த மயிர் உண்டு. இதற்கோ அது மிகச் சொற்பம். ஆகையால் சேறு காலில் அப்புவதில்லை.

இன்றுள்ள ஸஃபோக் குதிரைகள் யாவும் 1768-ம் வருஷத்தில் பிறந்த ஒரே பொலிகுதிரையின் ஆண்வழிச் சந்ததியாகும். 1877-ல் வளர்ப்போர் ஒன்றுகூடி ஸஃபோக் குதிரைச் சங்கத்தை ஸ்தாபித்தனர். அது குட்டிகளின் தாய் தந்தை விவரங்களைப் புத்தகத்தில் பதியலாயிற்று.

இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் டிராக்டர்கள் பரவின. வேலையற்ற குதிரைக்குத் தீனி போடுவது நஷ்டமாகவே, பல குதிரைகள் இறைச்சிக்கு விற்கப்பட்டன. 1966-ல் சங்கத்தில் பதிவான குட்டிகள் 9 மட்டுமே.

ஒரு ஜாதி இவ்வாறு அருகும்போது, நெருங்கிய உறவுக் குதிரைகளையே சேர்க்க நேரிடுகிறது. அதனால் சந்ததி பலவீனப்படும். எந்தப் பெட்டைக்கு எந்தப் பொலிகுதிரை தூரத்து உறவு என்பதை வம்சப் புத்தகமே காட்டும். பிரிட்டனில் ஸஃபோக் இன்றும் அருகிய ஜாதியே, ஆயினும் அழிந்துவிடவில்லை. தனித்தனிக் குடியானவனின் ஞாபகம் அவனோடு மறையும். சங்கத்தின் ஏடு தலைமுறைகளுக்கு உதவும்.