அளந்தவருக்கே பதக்கம்

லண்டனின் ராயல் புவியியல் சங்கம் 1877-ல் தன் தங்கப் பதக்கங்களுள் ஒன்றை நைன் சிங் ராவத்துக்கு வழங்கியது. குமாவூன் மலைப்பகுதியின் மிலம் கிராமத்தில் பிறந்த பள்ளி ஆசிரியர் அவர். ஐரோப்பியர் நுழைய முடியாத திபெத்துக்குள் ஆங்கிலேய நில அளவைத் துறை அவரை மாறுவேடத்தில் அனுப்பியது. ஒவ்வோர் அடியும் ஒரே நீளத்தில் விழும்படி நடக்கப் பழகியிருந்தார். 108 மணிகள் இருக்க வேண்டிய ஜெபமாலையில் 100 மணிகளே கோத்து, நூறு அடிக்கு ஒரு மணி தள்ளினார். பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரத் தாளுக்குப் பதில் அளவுக் குறிப்புகள் இருந்தன. நீர் எந்த வெப்பநிலையில் கொதிக்கிறது என்று பார்த்து இடத்தின் உயரத்தைக் கணக்கிட்டார். 1866-ல் லாசாவை அடைந்து, அந்நகரம் பூமியில் எங்கே இருக்கிறது என்பதைக் கணித்தார். ஆனாலும் அறிக்கைகளில் அவர் வெறும் 'பண்டிட்'தான். 1868-ல் சங்கம் கொடுத்தது ஒரு தங்கக் கடிகாரம். பதக்கத்துக்கு மேலும் ஒன்பது ஆண்டுகள் ஆயின. புவியியல் விருது எதுவானாலும், நிலத்தில் இறங்கி அளந்தவரை அது பெயர் சொல்லி அடையாளம் காட்டுகிறதா என்பதைக் கொண்டுதான் அதன் தகுதியை எடைபோட வேண்டும்.

ஏகாதிபத்தியத்துக்கு உளவு பார்த்தவருக்கு ஏகாதிபத்தியம் தந்த பரிசுதானே இது என்று கேட்கலாம். அந்த வரைபடங்கள் ஆட்சியாளர்களின் தேவைக்கானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்காகப் பதக்கத்தைப் புறக்கணித்தால் வரலாற்றில் மிஞ்சுவது, அவரை அனுப்பிய அதிகாரிகளின் பெயர்கள் மட்டுமே. பலர் சேர்ந்து செய்யும் பணிக்கு ஒருவரை மட்டும் கௌரவிப்பது அநீதி என்ற வாதம் இதைவிட வலுவானது. அதற்கு கிந்துப் என்பவரே சாட்சி. எழுதப் படிக்கத் தெரியாத அவர் 1880-ல் திபெத்தின் சாங்போ ஆறும் பிரம்மபுத்திராவும் ஒன்றா என்று கண்டறியச் சென்ற லாமாவுக்குத் துணையாக அனுப்பப்பட்டார். லாமா அவரை அடிமையாக விற்றுவிட்டார். தப்பியவர் ஊர் திரும்பியிருக்கலாம், பணியை விடவில்லை. அடையாளமிட்ட 500 மரக்கட்டைகளை, நாளுக்கு 50 வீதம், ஆற்றில் விட்டார். அவர் எழுதச்செய்து அனுப்பிய தகவல் உரிய அதிகாரியிடம் சேராததால், கீழே அஸ்ஸாமில் அவற்றைப் பார்க்க ஆளில்லை. நான்கு ஆண்டுகள் கழித்துத் திரும்பியவரின் பேச்சையும் பலர் நம்பவில்லை. 1913-ல் ஆங்கிலேய அதிகாரிகளான பெய்லியும் மோர்ஸ்ஹெட்டும் சாங்போ பள்ளத்தாக்குக்குப் போன பிறகே, அவர் சொன்னவற்றில் பெரும்பகுதி சரி என்று உறுதியானது. பெய்லி வற்புறுத்தியதால் அரசு 1,000 ரூபாய் கொடுத்தது, பதக்கம் இல்லை.

இந்த அநீதியைச் சரிசெய்ய விருதையே ஒழிக்க வேண்டியதில்லை. விருதுக் குழுக்கள் பரிந்துரையைப் பெறும்போதே, வழிகாட்டியவர், சுமை தூக்கியவர், மொழிபெயர்த்தவர் யார் என்று கேட்டு, அந்தப் பெயர்களையும் பாராட்டுரையில் பொறிக்கட்டும்.