மாடு பருவத்துக்கு வந்தா செல்போனுக்கு மெசேஜ்... விவசாயிகள் தயங்குவது ஏன்?

ராத்திரி 2 மணிக்கு மாடு பருவத்துக்கு வந்தாலும், உரிமையாளரின் செல்போனுக்கு மெசேஜ் வந்துவிடும். கழுத்துப் பட்டையில் இருக்கும் சின்ன சென்சார் செய்யும் வேலை இது. வெளிநாட்டுப் பெரிய பண்ணைகளில் பல வருஷமாகவே இருக்கிறது. இந்தியாவிலும் விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனால் ரெண்டு, மூணு மாடு வைத்திருப்பவர்கள் வாங்க யோசிக்கிறார்கள்.

இது எதுக்கு?

பசு சுமார் 21 நாளைக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அறிகுறி தெரிவது 12 முதல் 18 மணி நேரம்தான். காலையில் தெரிந்தால் சாயந்திரம், சாயந்திரம் தெரிந்தால் மறுநாள் காலை சினை ஊசி போடணும். தவறவிட்டால் இன்னும் 21 நாள். பால் வற்றிய மாடு என்றால் அத்தனை நாள் தீவனமும் கைக்காசுதான். எருமைகளில் பல நேரம் கத்தாமல், சத்தமில்லாமலே பருவம் போய்விடும். 'ஊமைப் பருவம்' என்பது இதைத்தான்.

பருவத்தில் மாட்டின் நடமாட்டம் கூடும், அசைபோடுவது குறையும். சென்சார் இந்த ரெண்டையும் கணக்கெடுக்கிறது. மாடு சோர்ந்து, அசைபோடுவதும் குறைந்தால் நோய் எச்சரிக்கை வரும்.

அப்புறம் ஏன் தயக்கம்?

விலை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணங்கள் தொழுவத்திலேயே இருக்கின்றன. தினமும் ரெண்டு வேளை மடியைத் தொட்டுக் கறப்பவருக்கு, மாட்டின் மாற்றம் பெரும்பாலும் கண்ணிலேயே தெரிந்துவிடும். 200 மாடு இருக்கும் பண்ணையில்தான் அது முடியாது. தவிர, நாள் முழுக்க கட்டுத்தறியில் நிற்கும் மாடு அதிகம் நடக்காது. நடமாட்டத்தை வைத்துக் கணிக்கும் கருவிக்கு அங்கே வேலை கஷ்டம்.

மாட்டைப் பார்ப்பது பல வீடுகளில் பெண்கள். போன் இருப்பதோ வெளியே போன கணவர் பையில்! மெசேஜ் சரியாக வந்தாலும், ஞாயிற்றுக்கிழமை சினை ஊசி போட ஆள் வரவில்லை என்றால் எல்லாம் வீண்.

விவசாயிகள் புதுசு எதையும் ஏற்கமாட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. 12 இலக்க எண் கொண்ட மஞ்சள் காது வில்லை இன்று கோடிக்கணக்கான மாடுகளில் இருக்கிறது. காப்பீட்டுக்கும் தடுப்பூசிப் பதிவுக்கும் அது வேணும், வாங்க தனிச் செலவும் கிடையாது.

கழுத்துப் பட்டை அதிகம் உதவுவது, கன்று போட்டதிலிருந்து மறுபடி சினை பிடிக்கும்வரை உள்ள சில மாதங்களுக்குத்தான். பால் சொசைட்டியே சில பட்டைகளை வாங்கி, மாடு மாற்றி வாடகைக்குக் கொடுத்து, பால் பணத்தில் கழித்துக்கொண்டால் ரெண்டு மாட்டுக்காரருக்கும் கணக்கு கட்டுப்படியாகலாம்.