கைப்பேசிப் படமும் காகிதப் பிரதியும்

சென்ற தீபாவளிக்கு முன்னர் நமது சங்கத்தில் நிகழ்ந்த ஒரு நஷ்டத்தை அங்கத்தினர்களிடம் மறைக்காமல் கூறிவிட வேண்டும். புதிதாக நெய்த 12 மாதிரிச் சேலைகளைக் கைப்பேசியில் படமெடுத்து, மடிப்புத் தாளாக அச்சிட்டு, வெளியூர் வியாபாரிகளுக்கு அனுப்புவதென்று நிர்வாகக் குழுவில் தீர்மானித்தோம். கைப்பேசித் திரையில் அப்படங்கள் கண்ணைப் பறித்தன. அச்சாகி வந்த தாளிலோ அரக்கு நிறம் காவியாகவும், மயில் கழுத்து நிறம் வெறும் சாம்பல் நீலமாகவும் காணப்பட்டன. ஜரிகை, மஞ்சள் மையில் இழுத்த கோடுபோல் நின்றது. நாளும் நெருங்கிவிட்டதால் அதையே அனுப்பினோம். காவி என்று எண்ணி 24 சேலைகளுக்கு ஆர்டர் கொடுத்த ஒரு வியாபாரி, பெட்டியைத் திறந்து அரக்கைக் கண்டதும் அத்தனையையும் திருப்பி அனுப்பிவிட்டார். நெய்தவர்களுக்குக் கூலி கொடுத்தாகிவிட்டது. சரக்கோ பொங்கல் வரை அலமாரியில் முடங்கிக் கிடந்தது.

தறியில் குறையில்லை, சாயத்திலும் குறையில்லை. விசாரித்துப் பார்த்ததில் மூன்று தவறுகள் வெளிப்பட்டன. படங்கள் இரவில் குழல் விளக்கின் கீழ் எடுக்கப்பட்டிருந்தன. வாட்ஸ்அப் மூலம் சாதாரண முறையில் அச்சகத்துக்கு அனுப்பப்பட்டிருந்தன. முன் மாதிரி அச்சைத் துணியோடு வைத்து ஒருவரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. இம்மூன்றில் எதற்கும் அச்சகத்தாரைக் குறைகூற இயலாது. இவற்றைத் தவிர்ப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

புள்ளியும் இழையும்

நெசவாளர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஓர் அங்குலத்துக்கு இத்தனை இழை என்ற கணக்கில் துணி அமைவது போலவே, ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கில் படம் அமைகிறது. இழையின் எண்ணிக்கையைக் கூட்டாமல் அகலத்தை மட்டும் கூட்டினால் துணி சல்லடையாகிவிடும் அல்லவா? படத்தின் கதியும் அதுவே. கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி இருப்பது நலம். 200 வரை இறங்கினாலும் பெரிதாகக் குறை தெரியாது. சில அடி தூரத்தில் நின்று பார்க்கும் சுவரொட்டிக்கு 100 புள்ளியே போதும்.

இன்று பரவலாக உள்ள கைப்பேசிகள் சுமார் 12 மெகாபிக்சல் அளவில் படத்தைச் சேமிக்கின்றன. அதாவது நீளவாக்கில் 4000 புள்ளி, அகலவாக்கில் 3000 புள்ளி. ஆக மொத்தம் 1 கோடியே 20 லட்சம். 300 ஆல் வகுத்தால் 13 அங்குலத்துக்கு 10 அங்குலம் என்ற அளவில் செம்மையான பிரதி கிடைக்கும். நமது தேவைக்கு இது தாராளம். ஐம்பது மெகாபிக்சல் என்று விளம்பரம் செய்யப்படும் கைப்பேசிகளும் வழக்கமாக நான்கு நுண்புள்ளிகளைக் கூட்டி ஒன்றாக்கி, ஏறத்தாழ இதே அளவில்தான் படத்தைத் தருகின்றன. ஆகவே எண்ணிக்கையைக் கண்டு மயங்கிப் புதிய கைப்பேசிக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை.

இவ்வளவு புள்ளியையும் நாமே வழியில் தொலைத்துவிடுகிறோம். வாட்ஸ்அப்பில் சாதாரண முறையில் அனுப்பினால் படத்தின் நீளம் சுமார் 1600 புள்ளிக்குச் சுருங்கிவிடுகிறது. மொத்தப் புள்ளிகளில் ஆறில் ஒரு பங்குகூட மிஞ்சுவதில்லை. மிஞ்சியதும் நெருக்கிச் சுருட்டப்படுகிறது. அஞ்சலட்டை அளவுக்கு அது போதும். மடிப்புத் தாளின் முழுப் பக்கத்துக்கு ஒருபோதும் போதாது. 2023 ஆம் ஆண்டில் வந்த ஹெச்.டி. என்னும் தேர்வு இதைவிட மேலானதாயினும் அதிலும் சுருக்கம் உண்டு. ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்பினால் படம் எடுத்தபடியே போய்ச் சேரும். மின்னஞ்சலில் இணைத்தாலும், கம்பி மூலம் கணினிக்கு மாற்றினாலும் அவ்வாறே. திரையை அப்படியே பிடித்தெடுக்கும் ஸ்கிரீன்ஷாட்டை அச்சுக்கு அனுப்பவே கூடாது. விரலால் அகற்றிப் பெரிதாக்கி எடுப்பதும் பெரும்பாலும் நடுப்பகுதியை வெட்டி ஊதிப் பெருக்குவதேயாகும். தொலைவுக்கெனத் தனி வில்லை உள்ள கைப்பேசிக்கு மட்டும் இதில் விலக்குண்டு.

வெளிச்சம்

சாயப்பட்டறையில் நிறம் ஒப்பிடுபவர் விளக்கு வெளிச்சத்தை நம்புவதில்லை. துணியை வாசலுக்கு எடுத்துவந்து பகல் ஒளியில் பார்த்த பின்னரே பாவை முக்கி எடுக்கச் சொல்லுவார். இந்தப் பழைய வழக்கத்தைப் படமெடுக்கும்போது மட்டும் நாம் மறந்துவிடுவது வியப்பே. நேர் வெயில் படாத திண்ணை, வடக்குப் பார்த்த ஜன்னல், மேகம் மூடிய பகல் ஆகியவை மிகச் சிறந்தவை. அறையிலுள்ள மின்விளக்குகளை அணைத்துவிட வேண்டும். பகல் ஒளியும் விளக்கொளியும் கலந்தால் சேலையின் ஒரு பாதி நீலமும் மறு பாதி மஞ்சளும் பூசியது போலாகும். கைப்பேசியின் மின்னொளியைப் பாய்ச்சினால் பட்டின் மீது வெள்ளைத் திட்டு விழும்.

கைப்பேசிக்கு வெண்மையும் கருமையும் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தர வெளிச்சமாக ஆக்கப் பார்க்கும். அதனால் வெள்ளை வேட்டி சாம்பல் பூத்தும், கருநீலச் சேலை வெளுத்தும் விழுகின்றன. திரையில் துணியைத் தொட்டால் ஒரு சூரியக் குறி தோன்றும். வேட்டிக்கு அதைச் சற்று உயர்த்தவும், கருநீலத்துக்கும் ஜரிகைக்கும் சற்றுத் தாழ்த்தவும் வேண்டும். ஜரிகை ஒருமுறை வெளுத்துவிட்டால் பின்னர் எந்தத் திருத்தத்தாலும் அதன் பொன்னிறத்தை மீட்க இயலாது.

மயில் கழுத்து நிறத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பாவு ஒரு நிறமும் ஊடை வேறொரு நிறமுமாக நெய்வதால் அத்துணி பார்க்கும் கோணத்துக்கேற்ப மாறித் தோன்றுகிறது. தட்டையாக விரித்து எடுத்த ஒரே படத்தில் இம்மாற்றம் அடங்காது. இரண்டு மூன்று மடிப்பு விழும்படி சேலையைத் தொங்கவிட்டு, ஒளி பக்கவாட்டில் வருமாறு எடுத்தால் இரு நிறமும் ஒரே படத்தில் தெரியும். இதைக் கண்டறிய எமக்கு ஒரு பிற்பகல் முழுவதும் பிடித்தது.

நுண்ணிய கட்டமும் கோடும் உள்ள துணிகளில் இன்னொரு தொல்லை உண்டு. இழைகளின் வரிசையும், கைப்பேசியினுள் இருக்கும் ஒளியுணர் புள்ளிகளின் வரிசையும் ஒன்றோடொன்று மோதி, துணியில் இல்லாத அலையலையான வளையங்களைப் படத்தில் உண்டாக்குகின்றன. இதை நெசவுக் குறை என்று எண்ணிய வியாபாரிகளும் உண்டு. ஓரடி முன்னோ பின்னோ நகர்ந்து, அல்லது கைப்பேசியைச் சிறிது சாய்த்து எடுத்தால் அது மறைந்துவிடும். மிக நெருங்கி நின்றால் நேரான கரையும் வில்போல் வளையும். ஆதலால் ஐந்தாறு அடி விலகி நிற்பது நன்று. தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசியும் விரல் எண்ணெயும் வில்லையில் படிந்திருக்கும். எடுக்குமுன் பழைய வேட்டித் துணியால் மெல்லத் துடைத்துவிடுக. முகத்துக்கு அழகூட்டும் தேர்வுகளையும், பின்புலத்தை மங்கச் செய்யும் தேர்வையும் நிறுத்திவிட வேண்டும். அவை நூலின் நயத்தை வழித்தெடுத்துவிடும்.

சாகுபடி செய்யும் அங்கத்தினர்களுக்கு வேலை இதைவிட எளிது. மஞ்சள் பொதிக்கோ மாம்பழப் பெட்டிக்கோ ஒட்டும் சீட்டுக்குக் காலை வெளிச்சத்தில் எடுத்த படமே ஏற்றது. நடுப்பகல் வெயில் கரிய நிழலை உண்டாக்கும். நோய் கண்ட இலையை ஆலோசனைக்காக அச்சிட்டுக் கொண்டு போவோர், வெள்ளைத் தாள் மீது வைத்து, மேற்புறம் கீழ்ப்புறம் இரண்டையும் அளவுகோலோடு எடுக்க வேண்டும். அதில் நிறத் திருத்தம் எதுவும் செய்யலாகாது.

தாளில் இறங்கும்போது

திரை தானே ஒளிவிடுகிறது. தாள் பிறிதொன்றின் ஒளியைத் திருப்பித் தருகிறது. ஆகவே பிரதி எப்போதும் சற்று இருண்டே தோன்றும். கைப்பேசியின் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்து வைத்துப் பார்த்தால் பிரதி எவ்வாறு வரும் என்பதை ஓரளவு அறியலாம். அச்சகத்தில் மஞ்சள், மெஜந்தா, சயான், கறுப்பு என்னும் நான்கு மைகளைக் கொண்டே எல்லா நிறத்தையும் உண்டாக்குகிறார்கள். கிளிப்பச்சை, பளிச்சென்ற நீலம், கடுமையான ஆரஞ்சு ஆகியவை இந்த நான்கின் எல்லைக்குள் முழுமையாக அகப்படா. சில பிரதிகளே வேண்டுமெனில் புகைப்பட நிலையத்தில் புகைப்படத் தாளில் எடுப்பது மேல். நூற்றுக்கணக்கில் வேண்டுமெனில்தான் அச்சகம்.

அளவிலும் ஒரு பொறி இருக்கிறது. கைப்பேசிப் படம் நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் அமைந்தது. வழக்கமான 6 அங்குலம், 4 அங்குலப் பிரதியோ மூன்றுக்கு இரண்டு. ஒன்றை மற்றொன்றில் பொருத்தும்போது அகலவாக்கில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். அந்தப் பங்கில்தான் நமது கரை இருக்கும்! எடுக்கும்போதே நாற்புறமும் இடம் விட வேண்டும், அல்லது வெள்ளை ஓரம் விட்டு முழுப்படத்தையும் இடும்படி கேட்டுக்கொள்ள வேண்டும்.

பளபளப்புத் தாள் ஜரிகையை எடுத்துக் காட்டும், ஆனால் விரல் ரேகை படியும். பலர் கைமாறும் மாதிரிப் புத்தகத்துக்கு மங்கல் தாளே தக்கது. மைப் பீச்சும் அச்சுப்பொறியில் எடுத்த பிரதிகளை ஒரு நாள் உலரவிட்ட பின்னரே அடுக்க வேண்டும். வெயில் படும் சுவரில் மாட்டினால் நிறம் வெளுக்கும்.

மூலப் படத்தைத் தொடாமல் சங்கக் கணினியில் ஒன்றும் வேறிடத்தில் ஒன்றுமாக வைத்து, திருத்தங்களை நகலில் மட்டும் செய்துவருகிறோம். ஜேபெக் வகைப் படம் ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் சிறிது நயம் குன்றுவதே காரணம். படத்தின் பெயராகச் சேலையின் இருப்பு எண்ணையே இடுகிறோம்.

இவ்வாண்டு மாதிரித் தாளுக்குப் படங்களோடு ஒவ்வொரு சேலையின் துணித்துண்டையும் அச்சகத்துக்குக் கொடுத்தனுப்பினோம். முன் மாதிரி அச்சைத் திண்ணையில் பகல் வெளிச்சத்தில் துண்டோடு ஒப்பிட்டபோது முதல் முறை அரக்கு மீண்டும் காவியாகவே இருந்தது. இரண்டாம் முறை சரியாக வந்த பின்னரே கையெழுத்திட்டோம். மயில் கழுத்து மூன்றாம் முறையும் ஒத்து வராமையால், அந்தப் பக்கத்தில் இரண்டு அங்குலத் துணியையே வெட்டி ஒட்டி அனுப்பியிருக்கிறோம்.