மடங்கிய விரலும் வுழூவும்

சகோதரிகளே! காலையில் எழும்பும்போது மோதிர விரலோ பெருவிரலோ மடங்கியபடி நின்று, மறு கையால் இழுத்தால் 'டக்' என்று நிமிர்கிறதா? வைத்தியர்கள் இதை 'ட்ரிகர் பிங்கர்' என்பார்கள். விரலை மடக்கும் தசைநாண் ஓடுகின்ற உறையின் வாய், உள்ளங்கையில் தடித்து இறுகிவிடுகிறது. பெண்களுக்கும் சீனி வருத்தக்காரருக்கும் இது அதிகம்.

முதலில் விரலுக்கு ஓய்வு, பிறகு ஸ்டீரொயிட் ஊசி. அந்த ஊசி சில நாட்களுக்குச் சீனியை ஏற்றும். வருத்தத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதிலும் சரிவராவிட்டால்தான் சத்திர சிகிச்சை.

அதற்கும் கையைத் திறந்தே ஆகவேண்டும் என்றில்லை. தோலைத் திறக்காமல் இறுக்கத்தை அறுக்கும் முறையை லோர்த்தியோர் என்ற வைத்தியர் 1958இலேயே எழுதினார். இன்று இடத்தை விறைக்கப்பண்ணி ஊசி நுனியாலேயே அறுக்கிறார்கள். சில நிமிட வேலை, தையல் இல்லை. பெரும்பாலோருக்குக் குணமாகிறது, சிலருக்கு முழுதாக அறுபடாமல் மறுபடி மாட்டும். பெருவிரலில் உணர்வு நரம்பு மிக அருகே ஓடுவதால், அங்கே திறந்து செய்வதையே விரும்பும் வைத்தியர்களும் உண்டு. அந்த எச்சரிக்கை நியாயமானதே.

பரந்தன் பகுதியினர் முதலில் கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் காட்டலாம்.

"கட்டுப் போட்டால் வுழூ எப்படி?" என்று தள்ளிப்போடாதீர்கள். நல்ல இடத்தைக் கழுவி, கட்டின்மேல் முழுவதும் ஈரக்கையால் தடவி, தயம்மும் செய்து தொழலாம். தயம்மும் உறுப்பாகிய கையில் கட்டு இருப்பதால், ஷாபிஈ மத்ஹபில் அத்தொழுகைகளைப் பின்னர் மீட்ட வேண்டும். திறந்த சத்திர சிகிச்சையில் தையல் 10 முதல் 14 நாள் இருக்கும். ஊசி முறையிலோ சிறு பிளாஸ்டர்தான். மீட்கவேண்டிய வக்துகளும் குறைவு. எப்போது நனைக்கலாம் என்பதை வைத்தியரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.