உறுப்புரிமையும் விலகிநிற்றலும்: மரபுவழி ஆயுத உடன்படிக்கைகள் பற்றிய ஒரு நோக்கு

அணு, இரசாயன, உயிரியல் ஆயுதங்கள் ஒழிந்த ஏனைய படைக்கலங்கள் மரபுவழி ஆயுதங்கள் எனப்படுகின்றன. இவற்றைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கைகளின் வாசகங்கள் சட்ட அறிஞர்களால் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. அவற்றோடு இணைந்த உறுப்புநாடுகளின் பட்டியலோ அத்துணை ஊன்றிப் படிக்கப்படுவதில்லை. இலக்கிய மாணவனுக்கு இத்துறையில் என்ன அலுவல் என வினவுவோர் இருக்கலாம். ஒரு பனுவலில் யார் பேசுகின்றனர், யார் மௌனமாயுள்ளனர் என நோக்குதல் எமது தொழிலேயாம்.

கைச்சாத்திடுதல் வேறு, உறுப்புரிமை பெறுதல் வேறு என்பது முதலில் மனங்கொள்ளத்தக்கது. கைச்சாத்து ஓர் அரசின் கருத்தினை உணர்த்துவது; அதனைப் பின்னர் உறுதிப்படுத்தும்போதோ, கைச்சாத்திடாத அரசு நேரடியாக இணையும்போதோதான் அவ்வரசு முழுமையாகக் கட்டுப்படுகின்றது. ஆயுத வணிக உடன்படிக்கையில் 2013இல் கைச்சாத்திட்ட ஐக்கிய அமெரிக்கா, தான் உறுப்பினராகும் எண்ணமில்லை என 2019இல் ஐக்கிய நாடுகள் தாபனத்துக்கு அறிவித்தமை இவ்வேறுபாட்டினைத் தெளிவுறுத்தும்.

வரலாற்று முறையில் நோக்குமிடத்து, 1899ஆம் ஆண்டின் ஹேக் மாநாடு சிறந்த சான்றாகும். உடலுட் புகுந்ததும் விரிந்து பெருங்காயம் விளைக்கும் துப்பாக்கிக் குண்டுகளை அம்மாநாடு தடைசெய்தது. கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையிற் செய்யப்பட்டமையால் அவை 'டம்டம்' குண்டுகள் எனப் பெயர் பெற்றன. பிரித்தானியாவும் ஐக்கிய அமெரிக்காவும் அத்தடையை எதிர்த்தன. நாகரிகமற்ற மக்களோடு பொருதுகையில் சாதாரண குண்டு அவர்களைத் தடுத்து நிறுத்தாது என்பது பிரித்தானியப் பிரதிநிதியின் வாதம். குடியேற்றவாதத்தின் உள்ளக்கிடக்கை இத்துணை வெளிப்படையாக இராசதந்திர அவையில் ஒலித்தமை அரிது. எனினும் அப்பிரகடனத்தின் வாசகத்தை ஊன்றிப் படிப்போர்க்குப் பிறிதொன்றும் புலப்படும்: உறுப்பு அரசுகள் தம்முட் பொரும் போருக்கு மாத்திரமே அது பொருந்தும். வடமேற்கு எல்லைப்புற மலைவாழ் மக்களோ சூடானியரோ எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆதலின், 1907இற் பிரித்தானியா அதில் இணைந்தபோதும் சட்டத்தின் நிழல் அவர்கள்மீது விழவில்லை.

1980ஆம் ஆண்டு ஜெனீவாவில் நிறைவேறிய சில மரபுவழி ஆயுதங்கள் பற்றிய சமவாயம் வேறொரு வகையினது. அதனோடு இணைந்த பின்னேடுகளுள் எவையேனும் இரண்டினை ஏற்றாற் போதும், உறுப்புரிமை கிட்டிவிடும். இதனாலேயே வல்லரசுகள் அனைத்தும் அதனுள் இருக்கின்றன. வியட்நாமில் நேபாம் குண்டுகளைப் பொழிந்த ஐக்கிய அமெரிக்கா 1995இல் உறுப்பினராயிற்று. ஆயின் எரிகுண்டுகள் பற்றிய மூன்றாம் பின்னேட்டை 2009இலேயே, அதுவும் நிபந்தனையோடு, ஏற்றது. மேலும் மூலச் சமவாயம் பெரும்பாலும் அரசுகளுக்கிடையிலான போர்களையே கருதியது. மூன்றாம் உலகத்தை அழித்துக்கொண்டிருந்த உள்நாட்டுப் போர்களுக்கும் அதனை விரிக்கும் பொதுத் திருத்தம் 2001இலேயே வந்தது.

மிதிவெடிகளை முற்றாகத் தடைசெய்ய 1996இல் அச்சமவாயத்தின் உறுப்புநாடுகளால் இயலவில்லை. அங்கு முடிவுகள் கருத்தொருமையால் எடுக்கப்பட்டமையின் ஓர் அரசின் மறுப்பும் தடையாக வல்லதாயிற்று. எனவே கனடா முதலிய அரசுகளும் மக்கள் இயக்கங்களும் அவ்வரங்கின் வெளியே சென்று 1997இல் ஒட்டாவா உடன்படிக்கையை ஆக்கின. அது நிபந்தனையோடு ஏற்பதனை அனுமதியாது. இதன் விளைவு யாது? நூற்றறுபதுக்கு மேற்பட்ட நாடுகள் இணைந்தன; ஐக்கிய அமெரிக்கா, ருஷியா, சீனா, இந்தியா, பாகிஸ்தான் ஆகியன வெளியே நின்றன. 2008ஆம் ஆண்டின் கொத்துக்குண்டுச் சமவாயத்திலும் இவை இல்லை. கோடிக்கணக்கான சிறுகுண்டுகள் பொழியப்பெற்ற லாவோஸ் அதன் உறுப்பினர். பொழிந்த நாடு உறுப்பினரன்று. 2023இல் அந்நாடு உக்ரேனுக்குக் கொத்துக்குண்டுகளை வழங்கியபோது, வழங்கியோர், பெற்றோர், எதிர்நின்ற ருஷியர் ஆகிய முத்தரப்பினரும் சமவாயத்துக்குப் புறத்தே நின்றனர். விதி கடுமையாகும் அளவுக்கு ஆயுத உற்பத்தியில் மேலோங்கிய அரசுகள் விலகிநிற்பதை இவ்வொப்பீடு காட்டுகின்றது.

ஆயின் இதனை வைத்துச் சட்டம் வெறும் ஏமாற்று என முடிவுகட்டுதல் இயந்திரப் பாங்கான பொருள்முதல்வாதமாகும். மேற்கட்டுமானமும் தன் அடித்தளத்தைத் தாக்கவல்லது. ஒட்டாவா உறுப்புநாடுகள் ஐந்தரைக் கோடிக்கு மேற்பட்ட இருப்பு மிதிவெடிகளை அழித்துள்ளன.

எமது நாட்டு நிலையும் இவ்விரு பக்கங்களையும் காட்டுவதாகும். இரு தரப்பினரும் வெடிகளைப் புதைத்த போர்க்காலத்தில் இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையை ஏற்கவில்லை. 2009இற் போர் முடிந்து எட்டாண்டுகள் கழிந்தபின், 2017 டிசம்பரிலேயே இணைந்தது. 2018 மார்ச்சில் கொத்துக்குண்டுச் சமவாயத்திலும் சேர்ந்தது. அரசுக்கு ஆயுதம் தேவையற்றதான பின்னரே துறவு வந்தது எனலாம். எனினும் அத்துறவினாற் பிறந்த கடமை மெய்யானது. உறுப்புநாடொன்று தன் நிலத்தைப் பத்தாண்டுக்குள் துப்புரவாக்கல் வேண்டும் என ஐந்தாம் உறுப்புரை விதிக்கின்றது. நீடிப்புக் கோரலாமாயினும் உறுப்பினரிடம் காரணங் காட்டியே பெறல்வேண்டும். இலங்கைக்கு விதிக்கப்பட்ட முதற்றவணை 2028 ஜூன். முகமாலையிலோ கிளிநொச்சியிலோ தன் காணிக்குத் திரும்ப விழையும் விவசாயிக்கு இத்தவணை ஏட்டுச் சட்டமன்று.

உறுப்புரிமை மீளப்பெறக்கூடியது என்பதும் அண்மையில் உறுதியாயிற்று. லித்துவேனியா 2025 மார்ச்சிற் கொத்துக்குண்டுச் சமவாயத்தைத் துறந்தது. அதே ஆண்டில் எஸ்தோனியா, லத்வியா, லித்துவேனியா, பின்லாந்து, போலந்து ஆகியன ருஷிய அச்சத்தைக் காட்டி ஒட்டாவா உடன்படிக்கையினின்றும் விலக அறிவித்தல் கொடுத்தன. அறிவித்து ஆறுமாதம் கழியவே விலகல் செல்லுபடியாகும். அப்போது அவ்வரசு போரில் ஈடுபட்டிருப்பின், போர் முடியும்வரை விலகவியலாது. இதனால் இவ்வரசுகள் போர் வருமுன்னரே, சமாதான காலத்திலேயே, விலகலைத் தொடங்கின.