கதவில்லாத உலை

போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதே, அது என்ன கணக்கு என்று ஒரு வாசகர் கேட்டு எழுதியிருந்தார். முதல் 8, அது 800 மெகாபாஸ்கல் இழுவிசை தாங்கும் என்பதற்கு. புள்ளிக்குப் பின்னால் வரும் 8, அதில் 80 சதவீதம் வரை இழுத்தாலும் நிரந்தரமாக நீளாது என்பதற்கு. அந்த வலு எங்கே ஏறுகிறது என்பதைத்தான் நான் சொல்ல ஆசைப்படுகிறேன்.

மரை உருட்டிய போல்ட்டுகளை, சூடு தாங்கும் நிக்கல்-குரோமியக் கம்பியில் பின்னிய பெல்ட்டில் பரப்புகிறார்கள். ஏறத்தாழ 850 டிகிரி உலைக்குள் அது அங்குலம் அங்குலமாக ஊர்கிறது. கடைசியில் போல்ட்டுகள் செக்கச்செவேலென்று எண்ணெயில் விழுந்து இறுகுகின்றன. 425 டிகிரிக்குக் குறையாமல் இன்னொரு உலையில் மறுபடி சூடாக்கும் டெம்பரிங் முடிந்தால்தான் நொறுங்காத வலுவாகும்.

என்னை ஈர்ப்பது முதல் உலையின் வாசல். போல்ட்டுகள் ஓயாமல் போய்க்கொண்டிருப்பதால் அதை மூட வழியில்லை. காற்று புகுந்தாலோ, எஃகின் மேல்தோலில் உள்ள கார்பனை ஆக்சிஜன் தின்றுவிடும். அதனால் உள்ளே நைட்ரஜனோடு மெத்தனாலைச் செலுத்துகிறார்கள். அந்தச் சூட்டில் மெத்தனால் கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் பிரிகிறது. இந்த வாயுக்கள் காற்றை வெளியே தள்ளிக்கொண்டு வந்து வாசலிலேயே எரிகின்றன. அங்கே எப்போதும் ஒரு நெருப்புத் திரை. போல்ட்டுகள் அதைக் கடந்துதான் நுழைய வேண்டும். மறுமுனையில் அவை விழும் சரிவுக்குழாயின் வாய் எண்ணெய்க்குள் மூழ்கியிருக்கிறது. ஆக, முன்வாசலுக்கு நெருப்பு காவல், பின்வாசலுக்கு எண்ணெய் காவல்.

இத்தனை நுட்பத்தையும் சிக்கனம் கெடுத்துவிடுகிறது. கூலி கிலோ கணக்கில் என்பதால் பெல்ட்டில் குவித்து அனுப்புகிறவர்கள் உண்டு. எங்கள் ஊர்க் களத்தில் நெல்லைக் கனமாகப் பரப்பினால் மேலே சுள்ளென்று காய்ந்து அடியில் ஈரம் நிற்கும். குவியலின் நடுவில் மாட்டிய போல்ட்டுக்கும் அதே கதிதான். வாயுவைக் குறைப்பது இதைவிட மோசம். திரை மெலிந்து காற்று புகும், மரையின் தோல் மெத்தென்று ஆகிவிடும், முறுக்கும்போது வழுக்கும்.

இந்தக் குறை வழக்கமான கடினத்தன்மைச் சோதனையில் பிடிபடாமல் போகலாம். சோதிக்குமுன் போல்ட்டைத் தேய்த்து எடுப்பதால் மெத்தென்ற தோலும் அதோடு போய்விடும். மரையை நீளவாக்கில் அறுத்து, பாலிஷ் செய்து, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். வண்டிக்கும் பாலத்துக்கும் போகும் போல்ட்டை வாங்குகிறவர்கள், சான்றிதழில் இந்தச் சோதனை இருக்கிறதா என்று கேட்டே வாங்க வேண்டும்.